டிரம்மின் மேல் ஒரு கை

பதுளையில் நான் வேலை பார்த்த கராஜில் ஒரு லொறியின் பிரேக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. கை முழுக்க கிரீஸ். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன்.

"நம்ம வேனுக்குப் பின் சில்லு ஸ்டட் ஆறு, நட்டு ஆறு. வாங்கிக்கிட்டு உடனே வா."

"என்னண்ணே ஆச்சு?"

"ரெண்டு முறிஞ்சிருச்சு. மிச்சத்துல மரையே இல்ல. மேல் வளைவுல சில்லு கழண்டு போகப் பார்த்துச்சு. உள்ள பள்ளிக்கூடப் புள்ளைங்க. என் மகளும்தான் இருந்தா."

"புள்ளைங்களுக்கு ஒன்னும் இல்லையே?"

"இல்ல. இனிமேதான் ஒருத்தனுக்கு இருக்கு."

மடுல்சீமையிலேயே கராஜ் இருக்கிறதே, அங்கிருந்து யாரையாவது கூப்பிடலாமே என்றேன். "எவனும் தொடக் கூடாது. நீ வந்து கழட்டு. எல்லார் முன்னாலயும் கழட்டணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஏ.எல். உயர்தரம் வரை படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பிரிவில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினாள். அண்ணன் மட்டும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. வேனில் ஒரு பல்பு போனால்கூட என்னிடம் கேட்காமல் மடுல்சீமைக்குக் கொண்டுபோவான். அப்படிப்பட்டவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்பதில் எனக்குள் ஒரு பெருமை எழும்பியதை மறைக்க மாட்டேன். ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அதன் திருகுமரையை நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். பெருவிரல் தடிமன் உள்ள இரும்பு முளைகள் அவை. சில்லைத் தாங்கும் ஹப்பின் பின்பக்கத்திலிருந்து இறுக்கமாக இறங்கி, மரையுள்ள முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதில்தான் சில்லை மாட்டி நட்டுப் போட்டு இறுக்குவது. ஒரு வேன் நிறைய ஆட்களின் உயிர் அந்த ஆறு முளைகளில்தான் நிற்கிறது.

பசறை வரை ஒரு பஸ், அங்கிருந்து மடுல்சீமைக்கு இன்னொன்று. பிறகு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கொழுந்து லொறியில் ஏறிக்கொண்டேன். மேல் வளைவு வந்ததும் லொறி தானாகவே நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துச் சாக்குகளைக்கூட முதுகிலிருந்து இறக்காமல் நின்றார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன ஆண்கள் கத்தியோடு நின்றார்கள். எங்கள் வேன் இடது பக்கம் சரிந்து, பின் சில்லு வெளியே பிதுங்கி, பள்ளத்தின் ஓரத்தில் கிடந்தது. இன்னும் இரண்டு முழம் உருண்டிருந்தால் கீழே தேயிலை, அதற்கும் கீழே ஆறு.

அப்புறம்தான் மரத்தைப் பார்த்தேன். வளைவில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தில், வேன் இழுக்கும் கயிற்றால், ஒரு மனிதனைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய் கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். ஒரு கண் மூடிவிட்டது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கீழே இறங்கித் தொங்கியது.

எங்கள் ரோட்டில் ஓடும் மற்ற வேனின் சொந்தக்காரன் அவன். தோட்டத்தின் கீழ் டிவிசன்காரன். அண்ணனுக்கு ஒரு காலத்தில் மச்சான் முறை சொல்லிப் பழகியவன். இரண்டு வருடம் அவன் வேன் ஒன்றுதான் ஓடியது. அண்ணன் வேன் எடுத்த நாளிலிருந்து மச்சான் என்ற சொல் நின்றுபோனது. ஒருவன் ஏற்றும் பிள்ளையை மற்றவன் ஏற்றிவிட்டால் தேத்தண்ணிக் கடை வாசலில் கைகலப்பு. போன மாதம் அதே வாசலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உன் தகர டப்பா இந்த ரோட்டுல தீவாளி வரைக்கும் தாங்காதுடா" என்று அவன் சொல்லியிருந்தான்.

எனக்கும் அவன் மேல் கோபம் இருந்தது. நான் படிக்கப் போன வருடம், நான் அந்தக் கடையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நிற்கும்போதே, "இரும்பு படிக்கிற புள்ளையைக் கட்டுறவனுக்குச் சோத்துல நட்டும் போல்ட்டும்தான் கிடைக்கும்" என்றான். கடையே சிரித்தது. பாணை வாங்காமல் வந்துவிட்டேன். நான்கு வருடமாகியும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது.

அண்ணன் சம்மட்டியோடு நின்றான். முழங்கை வரை இரத்தம், ஆனால் அவனுடையது இல்லை.

"ராத்திரி வந்து நட்டைக் கழட்டிவிட்டிருக்கான்" என்றான் என்னிடம். "காலையில வளைவுல டக்கு டக்குன்னு சத்தம். பிரேக் அடிச்சு நிப்பாட்டுறேன், கரெக்டா பின்னாலேயே வந்து நிக்கிறான். 'புள்ளைங்கள நான் ஏத்திக்கிறேன்'ங்கிறான். எப்படித் தெரியும் இவனுக்கு? ரெடியா வந்தான் பாரு! புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வரட்டும்னு காத்திருந்தேன். திரும்பி வந்தான், இழுத்துப் போட்டேன்."

"நான் தெனம் அந்த நேரத்துக்குத்தான்டா வர்றேன்" என்றான் மரத்தில் இருந்தவன். பேசும்போது உதடு குமிழியிட்டது.

அண்ணன் சம்மட்டியின் கட்டையால் அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டான். அவன் மடங்க முடியாமல் கயிற்றுக்குள் துடித்தான். ஒரு பெண் "ஐயோ" என்றாள். வேறு யாரும் அசையவில்லை. பிள்ளைகள் இருந்த வேன் அல்லவா? அங்கே நின்றவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அவர்கள் முகத்திலும் அண்ணனின் முகத்தில் இருந்ததேதான் இருந்தது.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "என் தங்கச்சி கழட்டுவா. படிச்சவ, பொய் சொல்ல மாட்டா. இவன் கழட்டுனதுன்னு தெரிஞ்சா, இவன் வலது கையை இந்தச் சில்லோட பிரேக் டிரம் மேல வச்சு ஒரே அடி. இனி இவன் ஸ்டேரிங் புடிக்கக் கூடாது."

"கழட்டலன்னு தெரிஞ்சா?" என்றான் கட்டப்பட்டிருந்தவன்.

"தெரிஞ்சா என் கையை வைக்கிறேன்டா."

கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுத்தான் இதைச் சொன்னான். அப்பா வளைவோரத்துச் சின்னப் பாலத்தின் சுவரில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"முதல்ல அவனை அவுத்துவிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்" என்றேன்.

"நீ கழட்டுடி."

வேறு வழி தெரியவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஜாக்கியைப் போட்டேன். மிச்சமிருந்த நான்கு நட்டுகளும் விரலாலேயே சுழன்றன, ஆனால் வெளியே வரவில்லை. மரை கூழாகிவிட்டிருந்தது. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பிளந்தேன். இரும்பை இரும்பால் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மரத்தில் இருந்தவனின் உடம்பு தூக்கிப்போட்டது. அப்படியும் அவன் வாய் நிற்கவில்லை.

"நேரா அடி தங்கச்சி. என் கைக்கு முன்னால நல்லாப் பழகிக்க."

"வாயை மூடுங்க."

"மூடத்தான் பார்க்குறேன். உங்கண்ணன்தான் ரெண்டு பல்லை எடுத்துட்டானே, காத்துப் போகுது."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்னால் ஒரு கிழவர், "பொம்பளப் புள்ள கையில சுத்தியலைக் குடுத்துட்டு ஆம்பளைங்க வேடிக்கை பார்க்குறோம், நல்லா இருக்கு" என்றார். "நீங்க வந்து அடிக்கிறீங்களா தாத்தா?" என்றேன். அவர் கத்தியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

சில்லு கழன்று வந்தது. அதைப் புரட்டி ரோட்டில் போட்டேன். ரிம்மில் ஸ்டட் நுழையும் ஓட்டைகள் வட்டமாகவே இல்லை. முட்டை மாதிரி நீண்டு, ஓரமெல்லாம் பளபளவென்று தேய்ந்திருந்தன. முறிந்த ஸ்டட்டுகளின் முனையைப் பார்த்தேன். ஒன்றில் பாதிப் பரப்பு துருவேறிக் கறுத்திருந்தது, மீதி புதிதாக வெள்ளையாக மின்னியது. பழைய விரிசல் ஒன்று பல நாளாக வளர்ந்துகொண்டு வந்து, அன்று காலை முடிவாக முறிந்திருக்கிறது என்று அர்த்தம். என் கை நின்றுவிட்டது.

அண்ணன் கேட்டான்: "தெரியுதா? கழட்டின அடையாளம் தெரியுதா?"

"டிரம்மையும் கழட்டணும்" என்றேன்.

பிரேக்கை மூடியிருக்கும் கனத்த இரும்புச் சட்டியான அந்த டிரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றி, முகம் மேலே இருக்க ரோட்டில் வைத்தேன். சில்லு வந்து ஒட்டி உட்காரும் அதன் முகத்தில், கனமாக, சிவப்புப் பெயின்ட். ரிம்மின் பின்பக்கத்தில் வெள்ளிப் பெயின்ட். இரண்டு வாரத்துக்கு முன் அண்ணன் ஆயுத பூசைக்கு வேனை அலங்கரித்தது எனக்குத் தெரியும். வேலை இருந்ததால் நான் வீட்டுக்குப் போகவில்லை, போட்டோ அனுப்பியிருந்தான். வேனுக்கு வாழை கட்டி, மாலை போட்டு, நான்கு சில்லுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தான். நானும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டிருந்தேன்.

கத்தி முனையால் டிரம்மின் முகத்தைச் சுரண்டினேன். மேலே காய்ந்திருந்த தோல் சுருண்டு வந்தது. அடியில் பெயின்ட் இன்னும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நட்டு உட்கார்ந்த இடங்களில் பெயின்ட் நசுங்கி, மோதிரம் மாதிரி வெளியே பிதுங்கி உறைந்திருந்தது. இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. நடுவில் ஈரப் பெயின்டை வைத்து நட்டைப் போட்டிருக்கிறார்கள். வண்டி ஓட ஓடப் பெயின்ட் நசுங்கும், நட்டு தளரும், சில்லு ஆடும், ஓட்டை தேயும், மரை தேயும். அப்புறம் முறியும். இதற்கு எந்த எதிரியும் ராத்திரியில் வரத் தேவையில்லை.

மரத்தில் இருந்தவன் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். அவன் கை நசுங்கினால் என் தூக்கம் கெட்டிருக்காது. என் அண்ணன் இத்தனை பேர் முன்னால் தலைகுனிவதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் என் கையால் கழற்றிய வேலையைச் சாட்சியாக வைத்து ஒரு பொய்யை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பது அதைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. அந்த வேலை ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருப்பது.

"அண்ணே, பெயின்ட் அடிச்சு எவ்வளவு நேரத்துல சில்லை மாட்டுனீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"சொல்லுங்க."

"அடிச்ச உடனே மாட்டுனேன். பூசைக்கு நேரமாச்சு."

"நட்டை எதால இறுக்குனீங்க?"

நான் வேனுக்குள் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்து வந்தேன். அதன் கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன. வைத்த பொட்டு விரல் படாமல் முழுசாக இருந்தது. அதைக் கூட்டத்துக்குக் காட்டினேன்.

பாலத்துச் சுவரிலிருந்து அப்பாதான் பேசினார். "அது சாமிகிட்ட இருந்துச்சும்மா. பெரிய ஆயுதத்தையெல்லாம் வச்சுப் பொட்டு வச்சாச்சு. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு நான்தான் அவசரப்படுத்துனேன். வச்ச ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, சின்ன ஸ்பேனரால முடுக்கிட்டு வாடான்னேன். மறுநாள் தேங்காய் ஒடச்சு, கோயிலைச் சுத்திட்டு அப்படியே ஓட ஆரம்பிச்சுட்டான். யாருக்கு ஞாபகம் இருக்கு?"

எல்லோருக்கும் அது புரிந்தது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் அந்தப் பூசையன்று தங்கள் கத்தியைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, தொடாமல் இருந்தவர்கள்தான்.

"யாரும் கழட்டலண்ணே" என்றேன். "நாமளேதான் இறுக்கல."

அறை விழுந்தது தெரியவில்லை, விழுந்த பிறகுதான் தெரிந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. "அவனுக்காகப் பேசுறியாடி? படிச்ச திமிரா?" என்று கத்திக்கொண்டு அண்ணன் சம்மட்டியோடு மரத்தை நோக்கி நடந்தான். அவன் அந்த மனிதனின் கையை அடிக்கப் போகவில்லை, தலையை அடிக்கப் போகிறான் என்று அந்த நடையில் தெரிந்தது. என் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. பின்னாலிருந்து அவன் முழங்காலுக்குக் கீழே வீசினேன். என் பலம் முழுவதையும் கொடுத்துத்தான் வீசினேன். அண்ணன் வெட்டிய வாழை மாதிரி ரோட்டில் விழுந்தான்.

"ஏன்டி, கூடப் பொறந்தவனை அடிச்சுட்டியே!" என்று ஒரு பெண் வாயில் அடித்துக்கொண்டாள்.

"அவர் என்னை அடிச்சப்போ உங்க வாய் எங்கக்கா போச்சு?" என்றேன்.

கிழவரின் தோளிலிருந்த கவ்வாத்துக் கத்தியைக் கேட்காமலே பிடுங்கிக் கயிற்றை அறுத்தேன். கட்டப்பட்டிருந்தவன் முதலில் முழங்காலில் விழுந்தான். பிறகு கையை ஊன்றி எழுந்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அவன் வேன் ஐம்பதடி தள்ளி நின்றது. அவன் அங்கே போகவில்லை. அண்ணன் கையிலிருந்து தெறித்துக் கிடந்த சம்மட்டியை இடது கையால் எடுத்தான்.

"வை" என்றான்.

அண்ணன் ரோட்டில் உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்தான்.

"வைக்கிறேன்னு கோயிலைப் பார்த்துச் சொன்னியே. வைடா."

அப்பா ஓடிவந்தார். "தம்பி, வேணாம்பா. அவன் புள்ளகுட்டிக்காரன், தெரியாமப் பண்ணிட்டான்."

"மாமா, என்னைக் கட்டிப்போட்டு அடிச்சப்போ பாலத்துமேல உக்காந்திருந்தீங்க. இப்பவும் போய் உக்காருங்க."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். நான் டிரம்முக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். "போதும், ரெண்டு பேருக்கும் போதும்" என்றேன். என்னைத் தள்ளியது அவன் இல்லை, அண்ணன்தான். காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்து, என் தோளைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளினான். "நகரு. சொன்னது நான்" என்றான். வலது கையை விரித்து டிரம்மின் மேல், நான் சுரண்டிய சிவப்புப் பெயின்டின் மேல் வைத்தான். முகத்தை மட்டும் பள்ளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சம்மட்டி இறங்கியது. வலது தோள் நழுவிப் போனவன், இடது கையால், பாதி உயரத்துக்குத்தான் தூக்க முடிந்தது. அதுவும் சாய்ந்து இறங்கியது. அண்ணன் தன் கையாலேயே நழுவவைத்த அந்தத் தோள்தான் அண்ணனின் கையைக் காப்பாற்றியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் அகப்பட்டன. அந்தச் சத்தம் இரும்புச் சத்தமாக இல்லை. பச்சை விறகை மிதித்த மாதிரி இருந்தது. அண்ணன் கத்தவில்லை. மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டு, கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தான். அடித்தவன் சம்மட்டியைப் போட்டுவிட்டுச் சில்லின் மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

கூட்டம் அதற்கப்புறம்தான் மனிதர்களாக மாறியது. ஒருத்தி தலைத்துண்டைக் கிழித்து அண்ணனின் கையைச் சுற்றினாள். இன்னொருத்தி அடித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டினாள். கொழுந்து லொறி எப்போதோ போய்விட்டது. இரண்டு வேன்களுக்கும் டிரைவர்கள் அந்த இரண்டு பேர்தான். அவர்களைத் தவிர வேன் ஓட்டத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். அவன் வேனின் சாவியைத் தேடினோம். அவனை இழுத்துப் போட்டபோது அது பள்ளத்துக்குள் தெறித்துவிட்டதாம்.

எனவே நான் வேலையை முடித்தேன். பழைய ஸ்டட்டுகளைப் பின்பக்கம் அடித்து வெளியேற்றினேன். புதியவற்றைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வளையங்கள் அடுக்கி, நட்டைப் போட்டு ஸ்பேனரால் இழுத்து இழுத்து ஒவ்வொன்றாக உட்காரவைத்தேன். டிரம்மின் முகத்தில் பெயின்டையும் அண்ணனின் இரத்தத்தையும் சேர்த்துச் சுரண்டிப் பெட்ரோலால் துடைத்தேன். ரிம் ஓட்டை தேய்ந்த சில்லை ஒதுக்கிவிட்டு ஸ்டெப்னியைப் போட்டேன். மற்ற மூன்று சில்லுகளையும் விட்டுவைக்கவில்லை. கழற்றி, சுரண்டி, மறுபடி மாட்டி, எதிரெதிராக மாற்றி மாற்றி, வீல் ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்கினேன். என் உதட்டிலிருந்து இரத்தம் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கிழவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்காகக் கழற்றிய நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரையும் பின் சீட்டில் ஏற்றினோம். அவன் கால் வைக்கத் தயங்கினான்.

"உங்க வேன்ல ஏறணுமா? சில்லு கழண்டா?"

"நான் போட்டது கழண்டு போகாது. ஏறுங்க."

அப்பா நடுவில் உட்கார்ந்தார். மடுல்சீமை வளைவுகளை முதல் கியரிலேயே இறக்கினேன். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பேரும் முனகினார்கள், ஒருவர் முனகுவது மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. பசறையில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். புது ஸ்டட் போட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நட்டு கால் சுற்று வாங்கியது. மற்றவை அசையவில்லை. ஏறி உட்கார்ந்தபோது அண்ணன் பின்னாலிருந்து கேட்டான், என்னிடம் இல்லை, அவனிடம்.

"புள்ளைங்கள ஏன் ஏத்துன?"

"ரோட்டுல நின்னு அழுதுச்சுங்க. உன் மகதான் ரொம்ப அழுதுச்சு."

நான் கியரைப் போட்டு வேனைப் பதுளை ரோட்டில் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்ததும் போலீஸ் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சரியாகத் தமிழ் பேசுகிறவர். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று, "என்ன நடந்தது, உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். அண்ணன் வாயைத் திறந்தால் அவன் உள்ளே போவான், அவன் வாயைத் திறந்தால் அண்ணன் உள்ளே போவான். கட்டிப்போட்டு அடித்தது அண்ணன். சாட்சிக்கு ஒரு தோட்டமே இருந்தது. அவன் சொன்னால் வேனும் போகும், வீடும் போகும். அப்பா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

"ஆக்சிடென்ட் சார்" என்றான். "சில்லு ஸ்டட் மாத்திக்கிட்டு இருந்தாங்க. நான் உதவிக்குப் போனேன். ஜாக்கி சரிஞ்சு வண்டி மேல விழுந்துருச்சு. எனக்குத் தோள், வாய். இவருக்குக் கை."

கான்ஸ்டபிள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க சார், ஜாக்கி" என்றான்.

"ஜாக்கி போட்டது யார்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜாக்கி மயிரிழைகூடச் சரியவில்லை. அடியில் பலகை போட்டு, முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுத்துவிட்டுத்தான் நான் தொட்டேன். என் வேலையில் அன்றுவரை ஒரு வண்டி சரிந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. பதுளையில் என்னை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் அந்தக் கதை போய்ச் சேரும் என்று தெரிந்தது. சேர்ந்தது. இன்றைக்கும் மடுல்சீமை பக்கமிருந்து வண்டி கொண்டுவருகிறவர்களில் சிலர், "ஜாக்கியைப் பார்த்துப் போடும்மா" என்று சிரிக்கிறார்கள்.

"நான்தான் சார்" என்றேன்.

கான்ஸ்டபிள் என் வீங்கிய உதட்டையும் கிரீஸ் கையையும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை எல்லாம்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

கட்டிலில் இருந்தவன் வாயைக் கோணிக்கொண்டு சொன்னான்: "இல்ல சார், தங்கச்சி நல்லா வேலை செய்யும். இன்னைக்குத்தான் கை தவறிருச்சு."